அவுரித் தாழி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

அவுரித் தாழி என்பது அவுரிச் செடியின் நீலத்தைக் கரைத்து, துணியை முக்கிச் சாயமேற்றும் பாத்திரம். துணி வெளிறி வந்தால் உடனே இன்னும் ரெண்டு கட்டி நீலத்தை அரைத்து ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் நீலம் குறைந்ததால் அந்தக் கோளாறு வந்திருக்காது. காசு போவதுதான் மிச்சம், தாழியும் இன்னும் குழம்பிப்போகும். துணியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தாழியைப் பாருங்கள்.

நீலம் தண்ணீரில் கரையாது. அதை ஒடுக்கி (ஆக்சிஜனேற்றத்துக்கு நேரெதிரான வேதிவினை இது), காரத்தில் கரைத்தால்தான் மஞ்சள் நீராகி நாருக்குள் நுழையும். வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு மறுபடி கரையாத நீலமாகி அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே ஒடுக்கம், காரம், சூடு ஆகிய மூன்றில் எது தவறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கீழே சொல்வது மூன்று வகைத் தாழிக்கும் பொருந்தும்: சுண்ணாம்போடு பழமோ வெல்லமோ போட்டது, தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு புளிக்கவிட்டது, சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் போட்டது. எங்கே வித்தியாசமோ அங்கே சொல்கிறேன்.

தாழியைப் பார்ப்பது எப்படி

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மிதக்கும் ஏட்டை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்திலிருந்து நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். நல்ல தாழியில் நீர் தெளிவாக இருக்கும். நிறம் மஞ்சளோ பச்சை ஓடிய மஞ்சளோ இளம் பழுப்போ இருக்கலாம். பார்த்துக்கொண்டே இருந்தால் காற்றுப்படும் மேல்மட்டம் முதலில் பச்சையாகும், பிறகு நீலக் கோடு ஒன்று விழும், அந்தக் கோடு மெல்லக் கீழே இறங்கும். தாழியின் மேலே செம்பு மினுக்கும் ஏடும், கிளறினால் நடுவில் கூடும் நீல நுரையும் இருக்க வேண்டும்.

காரத்துக்கு பிஹெச் தாள் (அமிலமா காரமா என்று எண்ணால் காட்டும் தாள்; 7க்கு மேலே போகப் போகக் காரம்) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. அதுவும் கிடைக்காத இடத்தில், மஞ்சள்தூள் கரைத்த நீரில் தோய்த்துக் காயவைத்த வெள்ளைத்தாள் ஓரளவு உதவும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி சிவக்கிறதே, அதே வினைதான் இங்கும்: காரம் இருந்தால் தாள் சிவக்கும். ஆனால் பிஹெச் 8 தாண்டினாலே சிவந்துவிடும் என்பதால், காரம் செத்துப்போயிற்றா என்று மட்டுமே அது சொல்லும். பருத்திக்கு 11, கம்பளிக்கு 9 என்று பிரித்துச் சொல்லாது.

"தாழி முழுக்க நீலமாகவே நிற்கிறது"

ஒடுக்கம் நடக்கவில்லை. துணியை முக்கினால் வெளியே வரும்போதே நீலமாக வரும், அலசினால் முழுதும் போய்விடும். பச்சையாக வந்து காற்றில் நீலமாவதுதான் சாயம். நீலமாகவே வருவது வெறும் அழுக்கு.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, இனிப்புக்கு என்ன போட்டீர்கள் என்பது. ஒரு பங்கு நீலம், இரண்டு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு ஃப்ரக்டோஸ் என்ற கணக்கு எல்லா ஊரிலும் புழங்குகிறது. நம் ஆட்கள் அந்த மூன்று பங்குக்கு வெல்லத்தைப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஏன் மஞ்சளாகவில்லை என்று கேட்கிறார்கள். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ். அது நேரடியாக ஒடுக்காது. அதில் கலந்திருக்கும் கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான் உடனே வேலை செய்யும், மிச்சம் புளித்து உடைந்த பிறகே பயன்படும். வெல்லத் தாழிக்கு நாள் கணக்கில் பொறுக்க வேண்டும். அவசரமென்றால் தோல் கறுத்த வாழைப்பழத்தையோ பேரீச்சையையோ தண்ணீரில் வேகவைத்து வடிகட்டி அந்தச் சாற்றை ஊற்றுங்கள். தேனும் ஆகும், ஆனால் கட்டுப்படியாகாது.

இரண்டாவது, அரைத்தது போதுமா? நீலக்கட்டியைத் தூளாக்கி அப்படியே கொட்டினால் குருணை குருணையாக அடியில் படுத்துக்கொள்ளும். வெந்நீர் தெளித்துத் தெளித்து அம்மியில் மையாக அரைக்க வேண்டும். விரலிடையில் தேய்த்தால் நெருடவே கூடாது.

மூன்றாவது, சூடு. பழச்சாற்றுத் தாழியை நல்ல வெந்நீரில் தொடங்கி 40 முதல் 50 டிகிரியில் வைத்திருப்பது நல்லது. ஹைட்ரோஸுக்கு 50 போதும். 60 தாண்டினால் ஹைட்ரோஸ் தானே சிதைந்து வீணாகும். புளிக்கவைத்த தாழிக்கு 30 முதல் 40 டிகிரி, அதாவது சமவெளியில் நம் வெயிலே போதும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அந்தத் தாழி தூங்கிவிடும். வைக்கோல் சுற்றி, சாக்கு போர்த்தி, அடுப்பங்கரை ஓரமாக வைக்க வேண்டும்.

ஹைட்ரோஸ் தாழி நீலமாக நின்றால் பொட்டலத்தைச் சந்தேகப்படுங்கள். ஈரக்காற்றுப் பட்டுப் பழசானது வேலை செய்யாது. 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்று மேலாகத் தூவி, நிதானமாக ஒரு கிளறு கிளறி, மூடி அரைமணி நேரம் விடுங்கள். தூள் இருக்கும் டப்பாவில் தண்ணீர் சொட்டக்கூடாது, ஈரமானால் சூடேறித் தீப்பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. தலைமுடிக்கு விற்கும் அவுரி இலைப்பொடியை வாங்கித் தாழி போட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதில் இருப்பது நீலமாக மாறுவதற்கு முந்தைய சரக்கு, அதுவும் இலையோடு இலையாகக் கொஞ்சம். தாழிக்கு வேண்டியது, இலையை ஊறவைத்து, நீரை அடித்துக் கலக்கி, படிந்ததை வடித்துக் காயவைத்த கட்டி. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இன்றும் போடுகிறார்கள்.

"நீர் மஞ்சளாகத்தான் இருக்கிறது, துணியில் ஏறவில்லை"

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நீலம் தீர்ந்துவிட்டது. செம்பு ஏடு மெலிந்திருக்கும், டம்ளரில் மொண்ட நீர் நெடுநேரம் ஆகியும் நீலக் கோடு போடாது. இப்போதுதான் நீலம் சேர்க்க வேண்டும். அதற்கும் முன்னால் அடியில் படிந்த வண்டலை ஒருமுறை கிளறிவிட்டு இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். தீராத நீலம் அங்கே கிடந்தால் மறுநாள் நீர் தேறியிருக்கும்.

இன்னொன்று, காரம் இறங்கிவிட்டது. ஒடுங்கிய நீலம் காரத்தில்தான் கரையும். காரம் போனால் வெளிர்ப் பொடியாகப் பிரிந்து அடியில் படியும், நாருக்குள் போகாது. தாளில் 9க்குக் கீழே காட்டினால் சுண்ணாம்பு சேருங்கள். அந்தச் சுண்ணாம்பு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்: ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டால் பொங்கி நுரைத்தால், அது காற்றுப் பட்டுக் கார்பனேட்டாகிவிட்டது என்று அர்த்தம். புதிதாய் நீற்றிய சுண்ணாம்பு நுரைக்காது. வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகும், ஆனால் அதில் பாதி தண்ணீர் என்பதால் எடைக் கணக்கு உதைக்கும். கோலமாவு ஆகவே ஆகாது.

நீலம் போட்டும் தாழி வலுக்கவில்லை என்றால் கட்டியின் தரமும் காரணமாகலாம். இயற்கை நீலத்தில் உண்மையான சாயம் நூற்றுக்கு 20லிருந்து 50 வரை இருக்கும். ஆலையில் செயற்கையாகச் செய்த நீலத்துக்கு எழுதின அளவை இதற்கு அப்படியே போட்டால் பாதிதான் விளையும். நகத்தால் கீறினால் செம்பு மினுமினுப்பு தெரிய வேண்டும், கையில் கனமே இல்லாமல் இருக்க வேண்டும், தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். கீறின இடம் மங்கலாகவே இருந்து, போட்டதும் முழுகினால் மண் கலந்திருக்கிறது.

"வெளிறிய மஞ்சள், ஏடே இல்லை, முக்க முக்க நிறம் குறைகிறது"

ஹைட்ரோஸ் கூடிவிட்டது. துணியில் ஏற்கெனவே ஏறின நீலத்தையும் மறுபடி ஒடுக்கிக் கழற்றிக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்து வைத்து நன்றாகக் கிளறிக் காற்றை உள்ளே விடுங்கள், ஏடு திரும்பும்வரை துணி போடாதீர்கள்.

மற்றத் தாழிகளிலும் ஆழம் ஏறாமல் இருப்பதற்கு இதே குணம் ஒரு காரணம். அரைமணி நேரம் ஊறவைத்தால் கருநீலம் வரும் என்று நினைப்பது தப்பு. சுண்ணாம்புத் தாழியில் ஒரு முக்குக்கு 5 முதல் 10 நிமிடம், பிறகு காற்றில் முழுதும் நீலமாகும்வரை. ஹைட்ரோஸில் ஓரிரு நிமிடம் போதும். ஆழம் வருவது முக்குகளின் எண்ணிக்கையால்தான்.

பருத்திக்கு இன்னொரு காரணம் அதிகக் காரம். புதுச் சுண்ணாம்புத் தாழி பிஹெச் 12 தாண்டி நிற்கும், அப்போது நீலம் நாரை விட்டு நீரிலேயே இருக்கப் பார்க்கும். 11 பக்கம் வந்ததும் நன்றாகப் பிடிக்கும். இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள், தானே இறங்கிவிடும். சுண்ணாம்பு ஒரு லிட்டர் நீரில் 2 கிராம்கூடக் கரையாது, மிச்சமெல்லாம் வண்டல். அதனால் அள்ளிப் போடுவதில் லாபம் இல்லை.

"நாறுகிறது"

பழத் தாழியும் ஹைட்ரோஸும் அவ்வளவாக நாறாது. தகரைத் தாழி நாறத்தான் செய்யும். வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வழக்கமான நாற்றத்தோடு புளித்த காட்டம் மூக்கில் ஏறினால் அமிலம் கூடியிருக்கிறது. சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 10க்கும் 11க்கும் நடுவில் கொண்டுவாருங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடும். அப்படி ஓய்ந்த தாழி நாறாது, நுரைக்காது, தொட்டால் விரல் வழவழக்கும். வேகவைத்த தகரை விதையை அதன் கஞ்சியோடு ஒரு படி ஊற்றி, கதகதப்பாக வைத்துக் காத்திருங்கள்.

"திட்டுத் திட்டாக வந்திருக்கிறது"

துணியில் கஞ்சியோ எண்ணெயோ மிச்சம். கோரா பருத்தியைச் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு ஒரு மணி நேரமாவது வேகவைக்காமல் தாழியில் போடக்கூடாது. வேகவைத்த நீர் தேநீர் நிறத்தில் இறங்குவதைப் பார்த்தால் உள்ளே எவ்வளவு இருந்தது என்று தெரியும். அடுத்தது, காய்ந்த துணியை அப்படியே முக்குவது. நனைத்துப் பிழிந்து, ஈரத்தோடு ஓரமாகச் சறுக்கி உள்ளே விடுங்கள். மடிப்புக்குள் காற்றுக் குமிழ் நின்றால் அங்கே வெள்ளை வட்டம் விழும். வெளியே எடுக்கும்போது நீரின் மட்டத்திலேயே பிழிந்து எடுங்கள். தூக்கிப் பிடித்துச் சொட்டவிட்டால் தாழிக்குள் காற்றும் போகும், துணியில் கோடும் விழும்.

கருநீலப் புள்ளிகள் என்றால் மேல் நுரை ஒட்டியது. முக்குமுன் வழித்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள், முடிந்ததும் திரும்பப் போடலாம். வெண்சாம்பல் திட்டு என்றால் துணி வண்டலில் புரண்டிருக்கிறது. அடிக்கு மேலே ஒரு வலைக்கூடை தொங்கவிட்டால் தீரும்.

கம்பளி: தனியாகப் பேச வேண்டியது

பருத்திக்கு நல்லதெல்லாம் கம்பளிக்குக் கெடுதல். பருத்தி காரத்தைத் தாங்கும்; கம்பளி ரோமம் முடியைப் போலவே கெராட்டின், வலுத்த காரம் அதைத் தின்றுவிடும்.

தாழியிலிருந்து எடுக்கும்போது பிசுபிசுத்து, காய்ந்ததும் முரடாகி, இழுத்தால் அறுகிறது என்றால் காரம் கூடுதல். அந்த நூலை மீட்க முடியாது. அடுத்ததற்கு பிஹெச் 9 முதல் 9.5 வரை வைத்துக்கொள்ளுங்கள், 10 தாண்ட வேண்டாம். சுண்ணாம்புத் தாழிதான் உங்களிடம் இருக்கிறது என்றால் புதிதில் கம்பளியைக் காட்டாதீர்கள். பருத்தி முக்கி முக்கிக் களைத்துப்போன தாழி, பிஹெச் 10க்கு வந்து நிற்கும்போது கம்பளிக்கும் பட்டுக்கும் கொடுங்கள். பருத்தியில் வானநீலம்கூட வராத அந்தத் தாழி கம்பளியில் நல்ல நீலம் தரும், ஏனென்றால் கம்பளி நீலத்தை அவ்வளவு ஆசையாகக் குடிக்கும். இரண்டையும் ஒன்றாக முக்கினால் கம்பளி கறுத்துப் பருத்தி வெளிறி நிற்பதற்கும் இதுதான் காரணம்.

ஹைட்ரோஸ் தாழி என்றால் காஸ்டிக் சோடாவை விட்டுவிட்டுச் சலவைச் சோடாவோ அம்மோனியாவோ அளவாகப் போடுங்கள். கொஞ்சம் ஜெலட்டினோ வஜ்ஜிரமோ (தச்சர்களின் பசை) வெந்நீரில் கரைத்து ஊற்றுவது பழைய பட்டறைப் பழக்கம். ரோமத்தைக் காரத்திலிருந்து ஓரளவு காப்பாற்றும். ஹைட்ரோஸ் போட்டதை இயற்கைச் சாயம் என்று சீட்டு ஒட்டி விற்பது எனக்கு ஒப்பாத காரியம். ஆனால் கம்பளிக்குக் காரம் குறைந்த தாழி சுலபமாக அமைவது அதில்தான் என்பதையும் மறைக்க முடியாது.

சுருங்கி இறுகிவிட்டது என்றால் குற்றம் சாயத்தில் இல்லை. சூடான தாழியிலிருந்து எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டியிருப்பீர்கள், அல்லது தாழிக்குள் கசக்கியிருப்பீர்கள். ரோமத்தின் மேல் செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு திரும்பாது. ஊறவைக்கும் நீர், தாழி, அலசும் நீர் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கட்டும். முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையில் வைத்து அழுத்தி எடுங்கள்.

வெளியே நீலம், கழியை (நூல் கட்டை) பிரித்தால் உள்ளே வெள்ளை. கட்டு இறுக்கம், அல்லது நூல் உள்வரை நனையவில்லை. ரோமத்தில் இயல்பாகவே ஒரு கொழுப்பு இருக்கிறது, தண்ணீரை ஒட்டவிடாது. கழியை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கொஞ்சம் விட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறப்போடுங்கள். தானாக முழுகினால்தான் நனைந்தது. ஆட்டிலிருந்து கத்தரித்த பச்சை ரோமம் என்றால் 60 டிகிரி வெந்நீரும் சோப்பும் விட்டு அசைக்காமல் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கொழுப்பை முழுக்க எடுத்துவிட்டுத்தான் சாயம். நம் பக்கத்து ஆடுகளில் மேச்சேரி போன்ற இனங்களுக்குக் கம்பளி நூற்கும் ரோமமே இல்லை. மென்மையான வெள்ளை ரோமத்துக்கு நீலகிரி இனம்தான். பழுப்பும் கறுப்பும் கலந்த முரட்டு ரோமத்தை ஒதுக்க வேண்டாம். நீலத்தில் முக்கினால் வெள்ளைக் கம்பளியில் வரவே வராத ஒரு கருமை வரும்.

பச்சையாகவே நிற்கிறது. அவசரப்பட்டு அலசாதீர்கள். கழியை உதறிப் பிரித்து, இழைகளுக்குள் காற்று போகவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். அரைமணியில் நீலமாகும். அதற்கு மேலும் லேசான பச்சை ஓடினால், அது கட்டியில் கூடவே வந்த மஞ்சள் சரக்கு. அலசும்போது பெரும்பாலும் போய்விடும்.

முடிந்ததும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டு அலசுவதைத் தவிர்க்கக் கூடாது. உள்ளே தங்கும் காரம் மாதக்கணக்கில் ரோமத்தை அரிக்கும். பட்டுக்கும் இதே கணக்குத்தான். பசை நீக்கிய பட்டு மினுமினுப்பு இழந்தால் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது, வினிகர்நீரில் பெரும்பாலும் திரும்பிவிடும்.

"காய்ந்த துணியில் வெள்ளைப் பூச்சு, சொரசொரப்பு"

சுண்ணாம்பு. இதில் ஒரு வரிசை முக்கியம்: முதலில் வினிகர்நீர், அப்புறம்தான் சோப்பு. சுண்ணாம்பு தங்கிய துணியில் சோப்பைப் போட்டால் இரண்டும் சேர்ந்து கரையாத பிசுக்காகி நாரில் அப்பிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர்க்காரர்களுக்கு இது இன்னும் மோசம். கடைசி அலசலுக்காவது மழைநீரோ வடிகட்டிய நீரோ பிடித்து வையுங்கள்.

"கையில், கழுத்தில் நீலம் ஒட்டுகிறது"

கொஞ்சம் உதிர்வது நீலத்தின் இயல்பு. வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். லேசான சாயை என்றால் விடுங்கள். அப்பிக்கொண்டு வந்தால், நாருக்குள் போகாமல் மேலே உட்கார்ந்த நீலம் அது. அரைகுறையாக ஒடுங்கிய தாழியோ, வலுத்த தாழியில் ஒரே முக்கில் கருநீலம் எடுக்கப் பார்த்ததோ காரணம். பருத்தியைச் சோப்பு நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நீர் தெளியும்வரை அலசுங்கள். கம்பளிக்குக் கொதி கூடாது. வெதுவெதுப்பான சோப்புநீர் இரண்டு மூன்று தடவை. உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள், நீலத்துக்கு அது எதுவும் செய்யாது. படிகாரமும் அப்படித்தான்.

"துணி நீலம், தையல் மட்டும் வெள்ளை"

தையல் நூல் பாலியெஸ்டர். இந்தத் தாழியில் பாலியெஸ்டர் ஏறாது. துணியே வெளிறி நின்றால் அது கலப்பு. பருத்தி இழை மட்டும் பிடித்திருக்கும். ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றத்தோடு நொறுங்கும் கரியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும். விஸ்கோஸ் பருத்தியைப் போலவே எரியும், நீலத்தையும் நன்றாகவே பிடிக்கும்.

தாழி நிஜமாகவே முடிந்துவிட்டால்

கிளறியும், சூடேற்றியும், காரம் சரிசெய்தும் டம்ளரில் நீலக் கோடு விழவில்லை என்றால் முடிந்தது. ஹைட்ரோஸ் தாழியில் வினிகரை நேராக ஊற்றாதீர்கள், மூச்சை அடைக்கும் கந்தக வாயு கிளம்பும். ஓரிரு நாள் திறந்து வைத்து அவ்வப்போது கிளறிக் காற்றேற்றி ஹைட்ரோஸ் முழுதும் அடங்கின பிறகு, திறந்த வெளியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வினிகர் விட்டு பிஹெச் 7 பக்கம் கொண்டுவந்துதான் கொட்ட வேண்டும். பழச்சாற்றுத் தாழியையும் தகரைத் தாழியையும் தெளிநீர் வேறு, வண்டல் வேறாகப் பிரியுங்கள். வண்டலில் நீலம் மிச்சம் தெரிந்தால் அடுத்த தாழிக்கு அடிச்சரக்காகப் போடலாம். இல்லையென்றால் உலர்த்தி, அமில மண்ணை விரும்பும் செடிகள் இல்லாத, சுண்ணாம்பு தாங்கும் மண்ணாகப் பார்த்துக் கொஞ்சமாகத் தூவுங்கள்.